மூன்றரைப் பேர்

சென்ற கிழமை அர்த்தநாரீஸ்வர வடிவத்தைப் பற்றி நான் வானொலியிற் பேசியதைக் கேட்டுவிட்டு ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். நான்கே வரிகள்தான். அதில் இரண்டு கேள்விகள். "சிவன் பிறப்பதில்லை, ஆகவே அவனுக்கு அவதாரம் இல்லை என்று சைவர்களாகிய நாம் சொல்கிறோம். அப்படியென்றால், அவதாரத்தை ஏற்றுக்கொள்ளும் சமயத்தவர்களிடத்திலே ஆணும் பெண்ணும் கலந்த ஒரு கடவுள் மனிதனாகப் பிறந்ததாக நம்பிக்கை உண்டா?" என்பது முதலாவது. இரண்டாவது கேள்விதான் என்னைச் சற்று உலுப்பிவிட்டது. "இந்தத் தத்துவத்தால் எந்தப் பெண்ணுக்காவது ஏதாவது கிடைத்ததா? ஒரு பெயரையாவது சொல்லுங்கள்."

முதலாவது கேள்விக்கு ஒரே சொல்லில் மறுமொழி சொல்லிவிடலாம். உண்டு. இரண்டாவதற்கு மறுமொழி சொல்வதற்காகத்தான் இந்தக் கிழமைப் பேச்சு முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் சைவச் சூழலில் வளர்ந்தவர்கள். மாதொருபாகன் என்ற பெயர் எங்களுக்குப் புதிதல்ல. சம்பந்தர் மூன்று வயதிற் பாடியதாகச் சொல்லப்படும் முதற் பதிகத்திலேயே, பெண்கள் அணியும் தோடு ஈசனின் காதிலே கிடக்கிறது. அதே சம்பந்தர் எங்கள் திருகோணமலைமீது பாடிய பதிகத்தைத் தொடங்கும்போது, ஆண்மகனின் கழலும் பெண்ணின் சிலம்பும் ஒரே திருமேனியில் ஒலிப்பதைத்தான் முதலிற் சொல்கிறார். மலைமகளைப் பாகமாகக் கொண்டவரைக் கண்ணாற் காண்பதற்கு முன்னர் காதாற் கேட்கச் செய்கிறார். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தக் கோயிலை இடித்துக் கடலிலே தள்ளினார்கள். பதிகம் மட்டும் இடிபடாமல் இருந்தது.

வட இந்தியாவில் மதுராவிலே குஷாணர் காலத்துச் சிற்பங்களிலேயே இந்த வடிவம் காணப்படுகிறது. ஆறாம் நூற்றாண்டளவில் எலிபெண்டாக் குகையிலே அது பேருருவம் பெற்றுவிட்டது. எங்கே பார்த்தாலும் முறை ஒன்றுதான். உச்சந்தலையிலிருந்து பாதம்வரை நேர்கோடு ஒன்று கிழித்தாற்போல, வலப்பாதி ஆண், இடப்பாதி பெண். ஆனால் இது பிறப்பன்று. சைவ சித்தாந்தம் இதில் மிகவும் கண்டிப்பானது. இறைவன் குருவாக மானிட வடிவில் வந்து ஆட்கொள்ளலாம். கருப்பையில் வந்து தங்கமாட்டான். கரு என்றால் வினை, வினை என்றால் உயிர் என்பது அதன் கணக்கு.

வைணவத்திற் கதை வேறு. மோகினி வடிவத்தைப் பாகவத புராணம் அவதாரங்களுள் ஒன்றாகவே எண்ணுகிறது. சிவனுக்கும் மோகினிக்கும் பிறந்தவரென்று சொல்லப்படும் ஐயனாருக்கு வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனை கோயில்கள்! ஆனாலும் மோகினி ஆணும் பெண்ணும் கலந்த வடிவமன்று. ஆண் பெண்ணாக மாறிய வடிவம். காரியம் முடிந்ததும் வேடம் கலைந்துவிடும்.

ஆசிரியை கேட்டது கலந்த பிறப்பை. அதைத் தேட நாங்கள் வங்காளத்துக்குப் போகவேண்டும்.

1486ஆம் ஆண்டு, பங்குனிப் பூரணை, சந்திர கிரகணம் பிடித்த மாலை நேரம். கங்கைக் கரையிலுள்ள நவத்வீபத்தில் ஜகந்நாத மிஸ்ரர் என்ற பிராமணருக்கும் சசீதேவிக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. விசுவம்பரன் என்று பெயரிட்டார்கள். நிமாய் என்பது வீட்டுப் பெயர். நவத்வீபம் அப்போது தர்க்க சாஸ்திரத்துக்குப் பேர்போன ஊர். நிமாய் இலக்கணம் படித்து, பாடசாலை வைத்து, வாதத்தில் யாரையும் விட்டுவைக்காத துடுக்கான பண்டிதனாக வளர்ந்தார். முதல் மனைவி லக்ஷ்மிப்பிரியா, அவர் கிழக்கு வங்காளத்துக்குப் போயிருந்த வேளையிலே பாம்பு தீண்டி இறந்துபோனாள். தாயின் சொற்படி இரண்டாவதாக ஒரு பெண்ணை மணந்தார். அவள் பெயர் விஷ்ணுப்பிரியா. இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிதிர்க்கடன் செய்வதற்காகக் கயைக்குப் போன பண்டிதர் திரும்பி வரும்போது வேறு ஆளாக வந்தார். ஈஸ்வரபுரி என்ற சந்நியாசியிடம் கிருஷ்ண மந்திரம் பெற்றிருந்தார். இலக்கணம் படிப்பித்தவருடைய வாயில் அதன்பிறகு கிருஷ்ண நாமத்தைத் தவிர வேறு பாடம் வரவில்லை. பாடசாலை மூடப்பட்டது. இரவிரவாகச் சங்கீர்த்தனம். அந்த நாட்களில் நடந்த ஒரு நாடகத்தைப் பற்றி விருந்தாவன தாசர் தமது சைதன்ய பாகவதத்தில் எழுதுகிறார். சந்திரசேகரர் என்ற அடியாரின் வீட்டிலே கூத்து. நிமாய்க்குப் பெண் வேடம். சேலையும் வளையலும் அணிந்து அவர் வந்தபோது பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லையாம். ருக்மிணியாக ஆடினார், லக்ஷ்மியாக ஆடினார், கடைசியில் உலகத் தாயாகவே அமர்ந்து அடியவர்களுக்குப் பாலூட்டினார் என்று அந்நூல் சொல்கிறது. பார்க்க வந்திருந்த பெண்களோடு சசீதேவியும் இருந்தாள். மருமகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். தன் கணவன் தேவியாக மாறியதைப் பார்த்துக்கொண்டிருந்த விஷ்ணுப்பிரியா என்ன நினைத்தாள் என்பதை அந்த நூல் சொல்லவில்லை. நாடகம் பார்த்தவர்கள் விடிந்ததே என்று அழுதார்கள் என்பது மட்டும் இருக்கிறது.

1510ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இருபத்துநான்காவது வயதில், நிமாய் வீட்டை விட்டுப் புறப்பட்டுக் கட்வா என்ற ஊரிலே கேசவ பாரதியிடம் சந்நியாசம் பெற்றார். கிருஷ்ண சைதன்யர் என்ற பெயர் அன்றைக்குத்தான் வந்தது. தாய் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, செய்தி வந்துபோகக் கூடிய தூரத்திலிருந்த பூரியைத் தமது இருப்பிடமாக்கிக்கொண்டார். தாயைப் பின்னர் சந்தித்திருக்கிறார். மனைவியைச் சந்நியாசி பார்க்கலாகாது. விஷ்ணுப்பிரியா அப்போது பதின்ம வயதைத் தாண்டாத பெண்.

பூரிக்கு வந்த சில மாதங்களிலேயே தென்னாட்டு யாத்திரை புறப்பட்டார். கோதாவரிக் கரையிலே, ராஜமகேந்திரத்தை அடுத்த இடத்தில், அந்தப் பகுதியை ஒரிசா மன்னன் பிரதாபருத்திரனின் சார்பில் ஆண்டுகொண்டிருந்த ராமானந்த ராயரைச் சந்திக்கிறார். நூறு ஆண்டுகள் கழித்து, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிருந்தாவனத்திலே தள்ளாத வயதில் சைதன்ய சரிதாமிருதத்தை எழுதி முடித்த கிருஷ்ணதாச கவிராஜர் இந்தச் சந்திப்பை மிக விரிவாக வருணிக்கிறார். சந்நியாசி கேட்கிறார், அதிகாரி விடை சொல்கிறார். முறையைக் கவனியுங்கள், வேடங்கள் இங்கேயே மாறிவிட்டன. மனிதன் அடையவேண்டியது என்ன என்பது கேள்வி. சுயதர்மம் என்கிறார் ராமானந்தர். அது வெளிப்புறம், மேலே சொல் என்கிறார் சைதன்யர். கர்மத்தை அர்ப்பணித்தல், ஞானம் கலந்த பக்தி, தூய பக்தி, அடிமை, தோழமை, பிள்ளைப் பாசம், காதல் என்று படிப்படியாக ஏறி, கடைசியில் ராதையின் காதலிலே வந்து நிற்கிறார்கள். அதற்கும் மேலே சொல் என்றபோது ராமானந்தர் தாமே இயற்றிய பாட்டொன்றைப் பாடினார். காதல் முற்றிய நிலையில் அவன் ஆண், நான் பெண் என்ற வேறுபாடே நினைவில் இல்லை என்று ராதை சொல்லும் பாட்டு அது. சைதன்யர் தமது கையால் அவர் வாயைப் பொத்திவிட்டார்.

சரிதாமிருதம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஏன் பொத்தினார் என்று உரைகாரர்கள் பலவாறு எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், சொல்லக்கூடாத இடத்துக்கு ஒருவன் வந்துவிட்டான் என்பதைச் சொல்ல அதைவிட நல்ல அபிநயம் இல்லை.

பின்பு ராமானந்தர் ஒரு சந்தேகத்தைக் கேட்கிறார். முதலில் உம்மைச் சந்நியாசியாகக் கண்டேன், இப்போது நீலநிற இடையனாகக் காண்கிறேன், முன்னாலே பொற்பதுமை ஒன்று நிற்க, அதன் ஒளி உமது மேனி முழுவதையும் மூடியிருக்கிறது, இது என்ன என்கிறார். சைதன்யர் மழுப்பப் பார்க்கிறார். ராமானந்தர் விடவில்லை. அப்போது அவர் தமது இயல்பான வடிவத்தைக் காட்டினாராம். கண்ணனும் ராதையும் ஒரே உடல். ராமானந்தர் மயங்கி விழுந்தார்.

வங்க வைணவத்தின் அச்சாணி இதுவே. பூரியிலே சைதன்யரின் அந்தரங்கத் துணைவராக இருந்த ஸ்வரூப தாமோதரர் இதற்குக் காரணமும் சொல்லியிருக்கிறார். கண்ணனுக்கு மூன்று ஆசைகள் மிச்சமிருந்தனவாம். ராதையின் காதல் எத்தன்மையது, அவள் சுவைக்கும் தன் இனிமை எத்தன்மையது, அதைச் சுவைக்கும்போது அவள் அடையும் இன்பம் எத்தன்மையது. இந்த மூன்றும் காதலிக்கப்படுகிறவனுக்குத் தெரிய வழியில்லை. ஆகவே ராதையின் உள்ளத்தையும் அவளது பொன்னிறத்தையும் கடனாக வாங்கிக்கொண்டு அவன் சசீதேவியின் வயிற்றிலே பிறந்தான். கறுப்பன் உள்ளே, பொன்மேனி வெளியே. அதனால்தான் அவருக்குக் கௌராங்கர் என்று பெயர்.

அர்த்தநாரியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பெருமானில் ஆணும் பெண்ணும் அருகருகே இருக்கிறார்கள், யார் எந்தப் பக்கம் என்பது சிற்பிக்குக்கூடத் தெரியும். இங்கே கோடு கிடையாது. உள்ளும் புறமுமாக இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய வேறுபாடு, இங்கே கடவுள் பெண்ணிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ள வருகிறார் என்பது. அசுரனைக் கொல்லவும் பூமியின் பாரத்தைக் குறைக்கவும் எடுத்த அவதாரங்களை நாங்கள் அறிவோம். ஒரு பெண்ணின் மனம் எப்படியிருக்கும் என்று அறிவதற்காக எடுத்த அவதாரம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வரலாற்று மாணவன் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். இது சைதன்யர் சொன்னதா, பின்வந்தோர் சொன்னதா? முன்னெழுந்த சரித்திரங்களாகிய முராரி குப்தரின் வடமொழி நூலிலும் விருந்தாவன தாசரின் நூலிலும் அவர் திருமாலின் அல்லது கண்ணனின் அவதாரமாகவே பெரிதும் வருகிறார். இருவரும் ஒருவராகிய பிறப்பு என்ற கொள்கை முழு வடிவம் பெறுவது ஸ்வரூப தாமோதரர் வழியாகக் கிருஷ்ணதாச கவிராஜரிடத்திலேதான். சைதன்யரோ, தம்மைக் கடவுளென்று யாராவது சொன்னாற் காதைப் பொத்திக்கொண்டவர். அவர் பெயரால் வழங்குவது எட்டே எட்டுச் சுலோகங்கள். எனவே இது ஒரு மனிதரைச் சுற்றி ஒரு நூற்றாண்டு காலமாக அடியவர்கள் நெய்த கொள்கை. நெய்தது என்பதனாற் பொய் என்றாகாது. அவர்கள் கண்ணாற் கண்டது, பூரியிலே கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு சிறிய அறைக்குள் ராதையின் குரலிலே அழுதுகொண்டிருந்த ஒரு துறவியை. அந்த அழுகைக்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது.

தென்னாட்டு யாத்திரையில் தமிழகத்துக்கும் வந்தார். மழைக்காலத்து நான்கு மாதங்களும் திருவரங்கத்திலே வேங்கட பட்டர் என்ற வைணவரின் வீட்டிலே தங்கினார். இருவருக்கும் நல்ல நட்பு, வேடிக்கைப் பேச்சு. சைதன்யர் ஒரு நாள் கேட்கிறார். உங்கள் லக்ஷ்மி நாராயணனின் மார்பை விட்டு அகலாதவள், பத்தினி. அப்படிப்பட்டவள் எங்கள் இடையனோடு ராசக்கூத்தாட விரும்பித் தவம் இருந்தாளே, எப்படி? பட்டர், நாராயணனும் கண்ணனும் ஒருவர்தானே, கற்புக்கு என்ன குறை என்று சமாளிக்கிறார். தவம் இருந்தும் அவளுக்கு அது கிடைக்கவில்லையே, ஏன் என்கிறார் சைதன்யர். பட்டருக்கு விடை தெரியவில்லை. அவள் மகாலக்ஷ்மியாகவே போக நினைத்தாள், இடைச்சியாக மாறச் சம்மதிக்கவில்லை, அதனாலே கிடைக்கவில்லை என்பது விடை.

இந்தச் சிரிப்புக்குள்ளே இரண்டு பெரிய மரபுகள் மோதுகின்றன. திருவரங்கத்தாருக்குத் திருமகள் இல்லாத திருமால் இல்லை. அங்கே பெண் மார்பிலே இருக்கிறாள், அடியவனுக்காகப் பரிந்து பேசுகிறாள். அவள் இறைவனோடு சமமானவளா, அல்லது உயிர்களுள் முதன்மையானவளா என்பதிலே வடகலையாரும் தென்கலையாரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பெண் தெய்வத்தை எவ்வளவாகக் கணக்கிடுவது என்பது அங்கேயும் வழக்குத்தான். மற்றொன்றையும் இவ்விடத்திலே சொல்லவேண்டும். இறைவனைக் காதலனாகக் கொண்டு பெண்ணின் குரலிற் பாடுவது திருவரங்கத்தாருக்கு அப்போது எழுநூறு ஆண்டுப் பழக்கம். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் பாடியிருந்தார்கள். ஆண்டாளுக்கு வேடம் தேவைப்படவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு முன்னாளிலே அரங்கநாதரே மோகினி அலங்காரத்தில் எழுந்தருளுவது இன்றும் நடக்கிறது. சைதன்யருடைய உள்ளம் ஆழ்வார்களைக் கேட்டு மாறியதென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வீட்டுக்காரரும் விருந்தாளியும் ஒரே பாஷையைப் பேசியிருப்பார்கள் என்று மட்டும் சொல்லலாம்.

வேங்கட பட்டரின் வீட்டிலே அந்த நான்கு மாதமும் விருந்தாளிக்குப் பணிவிடை செய்தவன் அவருடைய மகன், கோபாலன் என்று பிற்கால நூல்கள் சொல்கின்றன. அந்தப் பிள்ளை வளர்ந்து பிருந்தாவனத்துக்குப் போய், சைதன்ய மரபின் ஆறு கோஸ்வாமிகளுள் ஒருவரான கோபால பட்டர் ஆனார். 1542இல் அவர் அங்கே எழுந்தருளச் செய்த ராதாரமணர் ஓரடி உயரந்தான் இருப்பார். நான் அந்தக் கோயிலுக்குப் போனபோது சனக்கூட்டத்தின் நடுவே எட்டிப் பார்த்தேன். பெயர் ராதாரமணர், ஆனால் ராதைக்குச் சிலை இல்லை. பக்கத்திலே ஓர் ஆசனம் மட்டும், அவளுக்கென்று. அவள் அவருக்குள்ளேயே இருக்கிறாள் என்று என்னருகில் நின்ற ஒரு கிழவர் விளக்கம் சொன்னார். அவ்வளவு நேரமும் அந்த வெற்றாசனத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி ஆசிரியையின் இரண்டாவது கேள்வி.

ராதையின் உள்ளத்தைத் தரித்த சைதன்யர், உண்மையான பெண்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்பதற்குச் சரிதாமிருதமே சாட்சி. பூரியில் ஒரு நாள் அவர் தோட்டத்துப் பக்கம் நடந்துபோகையில், தொலைவிலே ஒரு தேவதாசி ஜயதேவரின் கீத கோவிந்தத்தைப் பாடுவது கேட்கிறது. ஜகந்நாதர் சந்நிதியிலே அந்தப் பாட்டைப் பாடுவது தேவதாசிகளின் உரிமைத் தொழில். பாடுவது ஆணா பெண்ணா என்ற நினைவே இல்லாமற் குரலை நோக்கி ஓடுகிறார். வழியெல்லாம் கள்ளிமுள். உடம்பிலே தைக்கிறது, தெரியவில்லை. பணியாளர் கோவிந்தர் பின்னால் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு, பாடுவது ஒரு பெண் என்று கத்துகிறார். பெண் என்ற சொல் காதில் விழுந்தவுடனே சைதன்யருக்குச் சுயநினைவு வருகிறது. திரும்பிவிடுகிறார். நீ என் உயிரைக் காப்பாற்றினாய், தொட்டிருந்தால் நான் செத்திருப்பேன் என்று கோவிந்தருக்கு நன்றி சொல்கிறார்.

அந்தப் பெண் பாடி முடித்தாளா என்று நூலாசிரியர் சொல்லவில்லை. இந்த அவதாரத்தின் தத்துவம் முழுவதும் அந்தக் குரலுக்குள்ளே இருந்தது. அதன் உடம்புதான் ஆகாது.

இன்னொரு கதை இதைவிடக் கடினமானது. சின்ன ஹரிதாசர் என்ற பாடகர் சைதன்யரின் கூட்டத்திலே இருந்தார். விருந்தொன்றுக்கு நல்ல அரிசி வேண்டுமென்று பகவான் ஆசாரியர் என்ற அன்பர் கேட்டுக்கொள்ள, ஹரிதாசர் மாதவி தேவி என்ற அம்மையாரிடம் போய் அரிசி வாங்கி வருகிறார். மாதவி தேவி வயது முதிர்ந்த தவசி. சைதன்யர் உண்டுவிட்டுச் சோற்றைப் புகழ்கிறார். அரிசி எங்கே கிடைத்தது என்று விசாரிக்கிறார். மறுமொழியைக் கேட்டுவிட்டு, இனிமேல் ஹரிதாசனை இங்கே வரவிடாதே என்று சொல்லிவிடுகிறார். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. துறவி ஒருவன் பெண்ணோடு பேசினான், அவன் முகத்தை நான் பார்க்கமாட்டேன் என்கிறார். எல்லோரும் மன்றாடியும் இளகவில்லை. ஓராண்டு காத்திருந்த ஹரிதாசர் பிரயாகைக்குப் போய்த் திரிவேணியில் இறங்கி உயிரை விட்டார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது மாதவி தேவி யார் என்று ஒரு குறிப்பும் தருகிறார் கவிராஜர். ராதையின் கூட்டத்தாருள் வைத்து எண்ணத்தக்க அந்தரங்க அடியார்கள் உலகத்திலே மூன்றரைப் பேராம். ஸ்வரூப தாமோதரர் ஒருவர். ராமானந்த ராயர் ஒருவர். சிகி மாஹிதி என்பவர் ஒருவர். மிச்சம் அரை, சிகி மாஹிதியின் தங்கை மாதவி தேவி.

அரை! இந்த இடத்தை முதன்முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆணாகப் பிறந்த மூவர் முழு ராதையின் தோழிகள். பெண்ணாகவே பிறந்தவள் அரைத் தோழி. பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்த பெருமானைப் பற்றிச் சென்ற கிழமை வாயாரப் பேசியவன் நான். பாதி என்பது எப்போது கொடை, எப்போது குறைப்பு என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. கவிராஜர் அவளை இழிவுபடுத்த எழுதவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அந்த வரிசையில் இடம்பெறுவது மிகப் பெரிய மரியாதை. மரியாதை செய்யும்போதுகூட ஆளறியாமல் கை அளந்துவிடுகிறது.

சரிதாமிருதம் ஒருமுகமான நூலுமன்று. அதிலேயே ராமானந்த ராயர் தமது நாடகத்துக்காகத் தேவதாசிகள் இருவருக்குத் தாமே ஆடல் பயிற்றுவிக்கிறார். ஒப்பனை செய்வதும் அவரே. முறைப்பாட்டோடு வந்த ஒருவரிடம் சைதன்யர், ராமானந்தனுக்கு அந்தத் தகுதி உண்டு, எனக்கில்லை என்று சொல்லிவிடுகிறார். அந்தப் பெண்களின் பெயர் மட்டும் அங்கேயும் இல்லை.

பெயர் வேண்டுமென்று ஆசிரியை கேட்டாரே, தருகிறேன். ஜானவா தேவி. சைதன்யரின் வலக்கை போன்றிருந்த நித்தியானந்தர், அவதூதராகத் திரிந்த பின்னர் இல்லறத்திலே புகுந்து, அக்கா தங்கை இருவரை மணந்தார். இளையவள் ஜானவா. கணவருக்குப் பின்னர் அவள் தீட்சை கொடுத்தாள், ஆண்களுக்கும். பிருந்தாவனம் வரை யாத்திரை போனாள், கோஸ்வாமிகள் எழுந்து நின்று வரவேற்றார்கள். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, இன்றைய வங்காளதேசத்தின் ராஜசாஹி மாவட்டத்திலுள்ள கேதுரியில் நரோத்தம தாசர் ஒரு பெருவிழா எடுத்தார். சிதறிக்கிடந்த வங்க வைணவக் குழுக்கள் எல்லாம் கூடி ஒரே சமயமானது அந்த விழாவிலேதான் என்று ஆய்வாளர்கள் சொல்வர். அதற்குத் தலைமை வகித்தவள் ஜானவா. அவளை யாரும் அரை என்று எண்ணியதாகத் தெரியவில்லை. அவளுக்குப் பின்னர் ஸ்ரீனிவாச ஆசாரியரின் மகள் ஹேமலதா தாகுராணியும் குருபீடத்தில் இருந்தாள். சகஜியர்களைப் பற்றியும் சொல்லலாம். ஒவ்வோர் உடம்பிலும் ராதையும் கண்ணனும் உண்டு, அதற்கு ஓர் அவதாரம் பிறந்துதான் ஆகவேண்டுமா என்று கேட்டவர்கள் அவர்கள். வைதிகர்கள் அவர்களை ஒதுக்கிவைத்தார்கள். அது தனிப் பேச்சுக்குரிய விடயம்.

விபுலாநந்த அடிகளைத் தந்த நாட்டிலே இருந்துகொண்டு ஒருவரைச் சொல்லாமல் விடமுடியாது. அடிகள் சார்ந்திருந்த மடத்தின் மூலவரான ராமகிருஷ்ணரும் வங்காளத்தவரே. ராதையின் பாவத்திலே நிற்பதற்காகச் சில காலம் பெண்ணுடையிலே வாழ்ந்தவர். அவரும் துறவிதான். ஆனால் 1870களின் தொடக்கத்தில் ஓர் அமாவாசை இரவு, தமது மனைவி சாரதா தேவியைத் தேவியின் பீடத்திலே இருத்திப் பூசை செய்தார். கடைசிவரை அவளை அருகிலேயே வைத்திருந்தார். அவருக்குப் பின்னர் அடியவர்களுக்கு அவளே தாயாக இருந்தாள். சைதன்யர் போனதற்கும் இதற்கும் ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு.

நவத்வீபத்திலே விட்டுவந்த பெண்ணிடம் திரும்புவோம். சைதன்யர் 1533இல் பூரியிலே மறைந்தார். எப்படி மறைந்தார் என்பதிலே நூல்கள் உடன்படவில்லை. தேரோட்டத்தின்போது காலிலே கல் குத்திப் புண்ணாகி இறந்தார் என்று ஜயானந்தர் எழுதுகிறார். மற்றவர்கள் கோயிலுக்குள்ளே கலந்தார் என்பார்கள், அல்லது பேசாமல் விட்டுவிடுவார்கள். விஷ்ணுப்பிரியா மாமியாரைக் கடைசிவரை பராமரித்தாள். பிற்கால நூல்கள் அவளது நாளாந்த விரதத்தைச் சொல்கின்றன. காலையில் ஒரு பக்கம் வெறும் மண்சட்டி, மறுபக்கம் அரிசி நிறைந்த சட்டி. பதினாறு நாமம் கொண்ட மந்திரத்தை ஒரு முறை சொல்லி முடித்தால் ஓர் அரிசியை எடுத்து வெறுஞ்சட்டியிற் போடுவாள். பிற்பகல் வரைக்கும் சேர்ந்தது எவ்வளவோ அதை மட்டும் சமைத்துப் படைத்து, அதில் ஒரு பகுதியை உண்பாள். மாதவி தேவியின் அரிசியை நினைத்துக்கொண்டே இந்த அரிசியைப் பற்றி நான் படித்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, கல்கத்தாவின் அமிர்த பசார் பத்திரிகையை நடத்திய சிசிர் குமார் கோஷ் அவளை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவந்தார். அவள் பெயரிலேயே ஒரு சஞ்சிகை தொடங்கினார். கண்ணனுக்கு ராதை, ராமனுக்குச் சீதை, கௌரனுக்கு விஷ்ணுப்பிரியா என்று இருவரையும் சேர்த்து வணங்கும் வழக்கம் வங்காளத்திலே பரவியது. மடத்துப் பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ராதையைத் தமக்குள்ளேயே வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் இன்னொருத்தி எதற்கு என்பது அவர்களுடைய வாதம். தர்க்கப்படி அவர்கள் சொல்வது சரிதான்.

கணவன் துறவறம் பூண்ட பின்னர் அவனுடைய மரச்சிலை ஒன்றைச் செய்வித்து முதன்முதலில் வணங்கத் தொடங்கியவள் விஷ்ணுப்பிரியாவே என்பது நவத்வீபத்தாரின் நம்பிக்கை. அந்தச் சிலைக்கு அவளது சகோதரரின் வழிவந்தவர்கள் இன்றும் பூசை செய்கிறார்கள். தங்கள் வீட்டு மருமகனுக்குச் செய்வதுபோலவே செய்கிறார்கள் என்று சொல்வார்கள். சந்நியாசியின் காவியும் தண்டமும் அவருக்கு அங்கே கிடையாது. நல்ல வேட்டி உடுத்தி, மாலை போட்டு, நெற்றியிலே சந்தனம் இட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.